பேடலா, டென்னிஸா? டவுண்ல இருந்து ஒரு செண்ட் கணக்கு

வழக்கம்போல, பேசினதுல இருந்த இழுவை, நடுவுல கேட்ட குக்கர் விசில் எல்லாத்தையும் வெட்டிட்டு இந்த எபிசோடோட எழுத்து வடிவத்தைக் கீழே போட்டிருக்கேன்.

இந்த வாட்டி ஆரம்பம் கொஞ்சம் சொந்தக் கதை. போன தை மாசம் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டேன். எனக்கு வயசு 28. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, “தம்பி, சுகர் இன்னும் வரலை, ஆனா வாசல்ல வந்து நிக்குது. ஏதாவது விளையாடுங்க”ன்னு சொல்லிட்டார். எங்க வீட்ல அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்த வியாதி அது, அதனால நான் அதைச் சும்மா கேட்டுட்டு வரலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில உட்கார்ந்து கோட் எழுதுறவன் நான். மூணு வாரம் டவுண்ல வீட்ல இருந்து வேலை, ஒரு வாரம் சென்னை ஆபீஸ். இதான் என் மாசம்.

ஆபீஸ் நண்பர்கள்கிட்ட சொன்னதும் வாட்ஸ்அப் குரூப்ல சண்டை ஆரம்பிச்சுது. பாதிப் பேர் பேடல் ஆடலாம்னாங்க, மீதிப் பேர் டென்னிஸ்தான் ஆட்டம்னாங்க. ரெண்டையும் ஆடிப் பார்த்தேன். அப்புறம் நம்ம வழக்கப்படி, இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினது கடைசியில நெல்லையப்பர் கோயில் ரத வீதிக்கே கொண்டு வந்து விட்டுச்சு.

பேடல் தெரியாதவங்களுக்கு: கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு பெரிய பெட்டிக்குள்ள, நடுவுல வலை கட்டி, ரெண்டு பேருக்கு ரெண்டு பேரா ஆடுற ஆட்டம். மட்டையில நரம்பு கிடையாது. துளை போட்ட கனமான பலகை மாதிரி இருக்கும். பந்து பார்க்க டென்னிஸ் பந்துதான், காத்தழுத்தம் கொஞ்சம் கம்மி. பாயிண்ட் எண்ணுறதும் டென்னிஸ் மாதிரியே 15, 30, 40. முக்கியமான வித்தியாசம், பந்து தரையில ஒரு குத்து குத்திட்டுச் சுவர்ல பட்டுத் திரும்பி வந்தாலும் அடிக்கலாம்.

இந்தச் சுவர் எப்படி வந்துச்சுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச கதை. 1969. மெக்சிகோவுல அகாபுல்கோன்னு ஒரு கடற்கரை ஊர். என்ரிகே கோர்குவேரா அங்கே தன் வீட்ல டென்னிஸ் கோர்ட் போட ஆசைப்பட்டார். ஆள் பணக்காரர்தான், ஆனா அந்த இடத்துல முழு கோர்ட் போடத் தோதில்லை. பந்து சுத்தியிருக்கிற செடி கொடிக்குள்ள போயிடக் கூடாதுன்னு சுவரும் எழுப்பினார். சுவர் இருக்கு, பந்து அதுல பட்டுத் திரும்பி வருது, சரி அதையும் ஆட்டத்துல சேர்த்துக்குவோம்னு ஆயிடுச்சு. இடம் பத்தாம பொறந்த ஆட்டம் அது. 1974-ல அல்ஃபோன்சோ டி ஹோஹென்லோஹேங்கிற அவரோட நண்பர் அதை ஸ்பெயின்ல மார்பெல்லாவுக்குக் கொண்டுபோனார். 1966-ல விம்பிள்டன் ஜெயிச்ச மனுவேல் சந்தானாவே அங்கே அதைப் பரப்புறதுல முன்னாடி நின்னார். அப்புறம் அர்ஜென்டினா, அங்கிருந்து உலகம், இப்போ நம்ம சென்னை.

டென்னிஸும் இப்படி ஒரு பொருளுக்குப் பொறந்த பிள்ளைதான். 1830-ல எட்வின் பட்டிங் புல் வெட்டுற இயந்திரம் கண்டுபிடிச்சார். 1844-ல சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்துறதுக்குக் காப்புரிமை வாங்கினார். சமமா வெட்டின புல்லும், புல்லு மேல குத்தினாலும் எழும்புற ரப்பர் பந்தும் சேர்ந்த பிறகுதான் 1874-ல மேஜர் விங்ஃபீல்டால டென்னிஸைப் பெட்டியில போட்டு விக்க முடிஞ்சுது. மூணே வருஷத்துல, 1877-ல, முதல் விம்பிள்டன். அங்கிருந்து கப்பல் ஏறி நம்ம மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்துச்சு. கலெக்டர், ஜட்ஜ், பெரிய வக்கீல், டாக்டர் ஆடுற கிளப் ஆட்டமா வந்துச்சு. நம்ம ஊர் வெயிலுக்குப் புல் எங்கே நிக்கும்? மண்தரை, சில இடத்துல சாணி மெழுகின தரை. சாணி மெழுகின கோர்ட்ல டென்னிஸ் ஆடினதை வெளிநாட்டுக்காரங்க கேட்டா இன்னைக்கும் வாயைப் பொளப்பாங்க. நம்ம வீட்டு முற்றத்துக்குப் பண்ணினதைத்தானே பண்ணியிருக்காங்க!

இந்த மண்ணுக்கு டென்னிஸ்ல சாதாரண இடம் இல்லை. ராமநாதன் கிருஷ்ணன் குடும்பத்துக்குத் தென்காசிதான் சொந்த ஊர். 2019-ல தனி மாவட்டமா பிரியுற வரைக்கும் தென்காசி நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே ஓடுற சிற்றாறும் கடைசியில தாமிரபரணியிலதான் வந்து சேருது. 1937-ல நாகர்கோவில்ல பொறந்தவர் கிருஷ்ணன். அவங்க அப்பா டி.கே. ராமநாதன் நாக்பூர்ல இருந்தவர், அவரே நல்ல டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு முதல் குரு அவர்தான். 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம், அதை ஜெயிச்ச முதல் ஆசியக்காரர். 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் வருஷம் நீல் ஃப்ரேசர்கிட்ட, அடுத்த வருஷம் ராட் லேவர்கிட்ட தோத்தார். ரெண்டு வாட்டியும் அவரைத் தோக்கடிச்சவர்தான் கோப்பையை ஜெயிச்சார். 1961-ல காலிறுதியில ராய் எமர்சனை நேர் செட்ல அனுப்பி வச்சிருக்கார். 1966-ல கல்கத்தாவுல பிரேசிலோட தாமஸ் காக்குக்கு எதிரா, தோல்வி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து ஜெயிச்சதாலதான் இந்தியா முதல் தடவையா டேவிஸ் கோப்பை இறுதிக்கே போச்சு. அப்புறம் அவர் மகன் ரமேஷ். 1979-ல அவரும் விம்பிள்டன் ஜூனியர் ஜெயிச்சார், 1987-ல டேவிஸ் கோப்பை இறுதியில ஆடினார்.

கிருஷ்ணனைப் பத்தி எழுதின எல்லாரும் ஒரு விஷயம் சொல்லுவாங்க: சர்வீஸ்ல வேகம் கிடையாது. பந்தைக் கொண்டுபோய் வைக்கிற இடம்தான் அவரோட ஆட்டம். அந்தக் கைப்பதம் எப்படி வரும்? சின்ன வயசுல இருந்து, தெரிஞ்ச ஒருத்தர் எதிர்ல நின்னு பந்து போட்டுக்கிட்டே இருக்கணும். ராமநாதன், கிருஷ்ணன், ரமேஷ்னு மூணு தலைமுறை, அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரு சங்கீதக் குடும்பம் மாதிரிதான் அது.

நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல டென்னிஸ் கோர்ட் இருந்துச்சு. எதிர்ல பந்து போட ஆள் இல்லை. என்னை மாதிரியே தெரியாத இன்னொருத்தன் நின்னான். ஒரு மணி நேரத்துல நாப்பது நிமிஷம் பந்து பொறுக்கினோம். ரெண்டாவது வருஷம் மட்டையை ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில வச்சது, அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்.

போன மாசம் சென்னையில பேடல் ஆடினப்போ வேற மாதிரி இருந்துச்சு. நாலு பேர்ல மூணு பேர் மட்டையே பிடிச்சதில்லை. பத்து நிமிஷத்துல பந்து பத்துப் பன்னெண்டு வாட்டி போய்வர ஆரம்பிச்சிடுச்சு. சர்வீஸ் இடுப்புக்குக் கீழதான் போடணும், அதனால தோள்பட்டை வலி இல்லை. தப்பா விட்ட பந்தைக்கூடச் சுவர் திருப்பிக் கொடுத்துடும். நான் ஒரு தடவை சுவர்ல பட்டு வர்ற பந்தைப் பார்த்துப் பின்னாடி திரும்பி, நேரா என் பார்ட்னர் மேலயே போய் மோதினேன். மத்தபடி சந்தோஷம்தான். ‘பணக்காரங்க பொழுதுபோக்கு’ன்னு பேடலைக் கிண்டல் பண்றது சுலபம், ஆனா முதல் நாளே ஆட்டம் ஆட விடுற ஆட்டத்துக்கு மரியாதை கொடுக்கணும். ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு நானூறு ரூபாய் ஆச்சு, அதையும் சொல்லிடுறேன்.

இந்தக் கதையை ஊருக்கு வந்து பெரியப்பாகிட்ட சொன்னேன். மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவர். போன்ல வீடியோ காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பார்த்தார்.

“ஏல, என்னல இது, மீன் தொட்டிக்குள்ள நின்னு ஆடுதானுவ?”

“பெரியப்பா, இது ரொம்ப ஈசியா கத்துக்கலாம். கீழ இருந்துதான் சர்வீஸ் போடணும். வயசானவங்க, பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து ஆடலாம்.”

“நாங்க மட்டும் மேல இருந்தா போட்டோம்? பூப்பந்துலயும் இடுப்புக்குக் கீழதாம்ல சர்வீஸ்.”

அப்போதான் எனக்கு உறைச்சுது. பரண்ல பழைய துணி மூட்டைக்குப் பின்னாடி ஒரு மர மட்டை கிடக்கும், சின்னப் பிள்ளையில நான் அதை எடுத்து கித்தாரா வாசிச்சிருக்கேன். அது பூப்பந்து மட்டை. பெரியப்பா காலேஜ் டீம்லயும் அப்புறம் ஆபீஸ் டீம்லயும் ஆடினவர்.

இறகுப்பந்து வேற, பூப்பந்து வேற. சென்னை நண்பர்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியலை, அதனால சொல்லிடுறேன். இறகுப்பந்துங்கிறது ஷட்டில். பூப்பந்துங்கிறது பால் பேட்மிண்டன்: எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசா, மஞ்சள் உல்லன் நூல்ல சுத்தின பந்து. எடை முப்பது கிராமுக்குள்ள. 24 மீட்டருக்கு 12 மீட்டர் ஆடுகளம், ஆறடி உயரத்துல வலை, பக்கத்துக்கு அஞ்சு பேர். முன்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ரெண்டுன்னு நிப்பாங்க. பந்து தரையைத் தொடவே கூடாது. பெரியப்பா காலத்துல 29 பாயிண்ட் ஒரு கேம்.

இது தமிழ்நாட்டுல பொறந்த ஆட்டம். 1856-லேயே தஞ்சாவூர் அரச குடும்பத்துல ஆடினாங்கன்னுதான் எல்லா இடத்துலயும் எழுதுவாங்க. அந்த வருஷத்தைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். தஞ்சை மராட்டிய வம்சத்தோட கடைசி மன்னர் ரெண்டாம் சிவாஜி 1855-ல காலமாயிட்டார். ஆண் வாரிசு இல்லைன்னு கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கிச்சு. அரண்மனைச் சொத்து மேலயும் கை வச்சுது. ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1859-ல முடிஞ்சுது. அதாவது 1856-ல ‘அரச குடும்பம்’ இருந்துச்சு, அரசு இல்லை. கையில ராஜ்யம் இல்லாத ஒரு பெரிய அரண்மனையில, சாயங்காலப் பொழுதைப் போக்க ஒரு பந்தாட்டம். எனக்கு இது ராஜகம்பீரக் கதையாத் தோணலை. வேலை போன வீட்டுல சீட்டு ஆடுற மாதிரி ஒரு சோகம் இதுக்குள்ள இருக்கு.

உல்லன் பந்து ஏன்? காத்து. இறகு வச்ச ஷட்டில் திறந்த வெளியில நிக்காது, அதனால அது கூரைக்குள்ள போயிடுச்சு. நம்ம பக்கம் ஆனி ஆடியில எப்படிக் காத்தடிக்கும்னு டவுண்காரங்களுக்குச் சொல்லணுமா? செங்கோட்டைக் கணவாய் வழியா சாரலைத் தூக்கிட்டு வர்ற காத்து, கயத்தாறு காத்தாடியை எல்லாம் சுத்த வைக்கிற காத்து. அதுல ஷட்டில் அடிச்சா அடுத்த தெருவுல போய்ப் பொறுக்கணும். உல்லன் பந்தும் வளையும், ஆனா ஆடலாம். எந்தப் பக்கம் வளையும்னு தெரிஞ்சவன் கெட்டிக்காரன். “ஆடிக்காத்துல ஆடுனவன் எந்த ஊர்லயும் ஆடுவாம்ல”ங்கிறது பெரியப்பா பெருமை.

பள்ளிக்கூட மைதானம், போலீஸ், ரயில்வே, மின்வாரிய ஆபீஸ் பின்புறம்னு ரெண்டு கம்பும் ஒரு வலையும் சுண்ணாம்புக் கோடும் இருந்தாப் போதும். 1954-ல அகில இந்தியச் சம்மேளனம் வந்துச்சு. 1970-ல ஆந்திரத்து ஜே. பிச்சையாவுக்கு இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருதே கொடுத்தாங்க.

சரி, இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா, நம்ம ஊர்க் கணக்கான செண்ட்ல போட்டுப் பார்த்தேன். ஒரு செண்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். டென்னிஸ் கோர்ட் கோட்டுக்குள்ள 23.77-க்கு 10.97 மீட்டர்தான், ஆனா ஓடிப்போய் அடிக்கச் சுத்திலும் இடம் விடணும். வழக்கமான அளவு 36.57-க்கு 18.29 மீட்டர். அது பதினாறரை செண்ட். நாலு பேர் ஆடினா ஆளுக்கு நாலு செண்டுக்கு மேல. பேடல் 20-க்கு 10 மீட்டர், அஞ்சு செண்ட், ஆளுக்கு ஒண்ணேகால். பூப்பந்து ஏழு செண்ட், ஆளுக்கு முக்கால் செண்ட்கூட இல்லை. (கோட்டுக்கு வெளியே கொஞ்சம் இடம் வேணும்தான். தாராளமா ரெண்டு மடங்குன்னு வச்சாலும் ஆளுக்கு ஒண்ணரை செண்டைத் தாண்டலை.) பேடலை வியாபாரமா நடத்துறவங்க டென்னிஸ் கோர்ட்டை இடிச்சுட்டு ஏன் பேடல் போடுறாங்கன்னு இந்தக் கணக்குலயே தெரிஞ்சிடும்: ஒரு கோர்ட் இடத்துல மூணு கோர்ட், நாலு பேர் இடத்துல பன்னெண்டு பேர் வாடகை.

இந்தக் கணக்கைப் பெரியப்பாகிட்ட காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவே இல்லை. “எங்க டீம்ல ஒருத்தர் இருந்தாருல, ஆபீஸ்ல பெரிய அதிகாரி. ஆடவே வராது. ஆனா தினம் வருவாரு. பின்னாடி ஒரு மூலையில நிறுத்திருவோம். நான் நடுவுல நின்னு அவருக்கு வர்ற பந்துல பாதியை எடுத்துருவேன். அஞ்சு பேர்ல ஒருத்தனை ஒளிச்சு வச்சுக்கலாம். ரெண்டு பேர்ல எங்க போய் ஒளிக்க?”

நான் ரெண்டு நாள் இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். டென்னிஸ்ல ஆடத் தெரியாதவனை ஒளிக்க இடமே இல்லை. அதனாலதான் காலேஜ்ல நான் ஓடிவந்தேன். பேடல்ல அவனைச் சுவர் தாங்குது; அதுக்கு மணிக் கணக்குல வாடகை. பூப்பந்துல கூட ஆடுற நாலு பேர் தாங்குறாங்க. ‘எல்லாரும் சேர்ந்து ஆடலாம்’னு இன்னைக்கு பேடல் விளம்பரத்துல சொல்ற அதே விஷயத்தை, சுவரே இல்லாம, நம்ம ஊர் மைதானத்துல அம்பது வருஷம் முன்னாடி செஞ்சிருக்காங்க.

அப்போ ஏன் தேய்ஞ்சுது? அதே காரணம்தான். பத்துப் பேர் வேணும். நாலரை மணிக்கு ஆபீஸ் விட்ட காலத்துல அஞ்சு மணிக்குப் பத்துப் பேர் சேருவாங்க. இன்னைக்கு என் ஷிப்ட் அமெரிக்கக் காலைக்குக் கட்டுப்பட்டது, பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்ட் வேற. இன்னொரு பக்கம், ஷட்டிலுக்கு 1980-ல பிரகாஷ் படுகோனே ஆல் இங்கிலாந்து ஜெயிச்சார், 1992-ல அது ஒலிம்பிக்ஸ்ல சேர்ந்துச்சு, 2012-ல சாய்னா, 2016-ல சிந்து. பிள்ளையை எந்த ஆட்டத்துல சேர்க்கலாம்னு யோசிக்கிற அப்பா அம்மா கண்ணுக்கு எது தெரியும்? பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகள்ல பூப்பந்து இன்னும் இருக்கு, வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி ஆடுற பிள்ளைங்க இருக்காங்க. சாயங்காலம் சும்மா வந்து ஆடுற கூட்டம்தான் போயிடுச்சு. நான் அரண்மனைக் காலத்தைப் புகழ வரலை. பெரியப்பா டீம்ல ஒரு பொம்பளைகூட ஆடினதில்லை, கேட்டா “அவங்க டீம் தனி”ங்கிறார். பேடல் கோர்ட்ல எங்க டீம் லீட் அக்காதான் என்னைத் தோக்கடிச்சாங்க. அதையும் இந்தக் கணக்குல சேர்த்துக்கணும்.

என்கிட்ட ஆலோசனை கேட்டா: நாலு பேர் இருக்கீங்க, ஒருத்தருக்கும் ஆடத் தெரியாது, கையில காசு இருக்குன்னா பேடல் போங்க, யோசிக்கவே வேண்டாம். டென்னிஸ்தான் ஆசைன்னா, மட்டை வாங்குறதுக்கு முன்னாடி எதிர்ல நின்னு ஒரு வருஷம் பொறுமையா பந்து போடுற ஆளை முதல்ல தேடுங்க. கோச்சோ, அண்ணனோ, யாரோ. அது கிடைக்காம என்னை மாதிரி ஆரம்பிக்காதீங்க.

நான் என்ன பண்ணேன்னா, சென்னை வாரத்துல பேடல். டவுண்ல இருக்கிற மூணு வாரத்துக்குப் பெரியப்பா கூட. அவரோட பழைய ஆட்கள் இன்னும் சனி, ஞாயிறு காலையில ஒரு பள்ளிக்கூட மைதானத்துல ஆடுறாங்க. ஏழு பேர்தான் மிச்சம், நாலுக்கு மூணுன்னு பிரிச்சுக்குவாங்களாம். மூணு பேர் பக்கத்துல எப்பவும் பெரியப்பா. முதல் நாள் என்னைப் பின் மூலையில நிறுத்தினாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துல பதினோரு பந்து என் பக்கம் வந்துச்சு, நாலைத் திருப்பி அனுப்பினேன், மூணு வலைக்குள்ள, மிச்சத்தை 67 வயசு பெரியப்பா குறுக்க வந்து எடுத்துட்டார்.

மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தப் பரிசோதனை இருக்கு, வந்ததும் சொல்றேன். இப்போதைக்கு நாங்க எட்டு பேர். டவுண், பேட்டை, ஜங்ஷன், பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறவங்க, ஆடத் தெரியணும்னு இல்லை, ரெண்டு பேர் இருந்தா மெசேஜ் போடுங்க. காலையில அஞ்சே முக்காலுக்கு ஆரம்பிப்போம். மட்டை பெரியப்பாகிட்ட இருக்கு.